மலையடிவாரத்தில் நாற்பது திருடர்கள்

(ஏற்காட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேலத்திலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள் எல்லோரும், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு வெகு முன்பே, சாலையோரத்தில் ஒரு பழைய வாசல் வளைவைத் தாண்டி வந்திருப்பீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸ். உள்ளே இருந்த ஸ்டுடியோ போய்விட்டது. வாசல் மட்டும் நிற்கிறது. லீட்ஸ் நகரத்தில் நெசவுத் தொழில் படித்துவிட்டுத் திரும்பிய டி.ஆர்.சுந்தரம், 1930-களின் நடுவில் இந்த மலையடிவாரத்தில் படம் எடுக்கத் தொடங்கினார். 1937-இல் ‘சதி அகல்யா’ வந்தது. அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள்.

1956 பொங்கலுக்கு அந்த வாசலிலிருந்து வெளியே வந்தது ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. முழுக்க வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம். இதே கதையில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1941-லேயே நடித்திருந்தார்.

இப்போது வியன்னாவுக்குப் போவோம். 1871 பிப்ரவரி 10. தியேட்டர் ஆன் டேர் வீன் என்ற அரங்கம். வால்ட்ஸ் நடன இசைக்கு அரசன் என்று ஐரோப்பா முழுவதும் கொண்டாடிய யோஹான் ஸ்ட்ராஸ், நாற்பத்தைந்து வயதில் முதன்முதலாக மேடை நாடகத்துக்கு இசை அமைத்து அரங்கேற்றுகிறார். நாடகத்தின் பெயர் ‘இண்டிகோவும் நாற்பது திருடர்களும்’. அதே அலிபாபா கதைதான். வசனம் எழுதிக் கொடுத்தவர்களும் நாற்பது பேர் இருப்பார்கள் போலிருக்கிறது என்று வியன்னாக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். நாடகம் அவ்வளவாக நிற்கவில்லை. ஆனால் மூன்றே ஆண்டில், 1874 ஏப்ரல் 5 அன்று, அதே அரங்கில் அவருடைய ‘வௌவால்’ வந்தது. அது இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கிறது.

இந்த வகை நாடகத்துக்கு ஓபரெட்டா என்று பெயர். ஓபராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டு. ஓபரெட்டாவில் வசனம் உண்டு, கோமாளித்தனம் உண்டு, நடனம் உண்டு, நேற்றைய ஊர் வம்பும் உண்டு. நம்மவர்களுக்கு இதை விளக்க இவ்வளவு சொல்லவே வேண்டியதில்லை. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் உள்ள நாடகம் என்றால் போதும். இன்று நான் பேச வந்தது இந்த உறவைப் பற்றித்தான். ஜெர்மன் மொழியில் ஓபரெட்டா. தமிழில் இசை நாடகம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. ஆனால் இரண்டுக்கும் வந்த வாழ்வும் வந்த கேடும் அதிசயமாக ஒத்துப்போகின்றன. அங்கே பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு மீட்பு நடந்துவருகிறது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது என்று நம்புகிறேன்.

முதலில் பிறப்பு. ஓபரெட்டாவும் வியன்னாவின் சொந்தச் சரக்கு கிடையாது. கொலோன் நகரத்தில் பிறந்த ழாக் ஓஃபன்பாக் என்ற யூதர் பாரிஸுக்குப் போய் 1855-இல் ஒரு சின்னக் கொட்டகையைத் திறந்து நடத்தினார். அங்கிருந்து அது வியன்னாவுக்கு வந்தது. 1860-இல் ஃபிரான்ஸ் ஃபான் சுப்பே வியன்னா ஜெர்மனில் ஒன்றைச் செய்துகாட்டினார். வந்த இடத்தில் அது வால்ட்ஸைச் சேர்த்துக்கொண்டது, போல்காவைச் சேர்த்துக்கொண்டது, ஹங்கேரிக்காரர்களின் சார்தாஷைச் சேர்த்துக்கொண்டது. 1873 மே மாதம் வியன்னாவில் பங்குச் சந்தை விழுந்து பல குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அடுத்த ஆண்டு வந்த ‘வௌவால்’ நாடகத்தில் எல்லோரும் வேஷம் மாறி ஒரு விருந்துக்குப் போய் விடிய விடியக் குடிக்கிறார்கள். பொழுது விடியும்போது சிறைச்சாலையில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அது வெறும் வேடிக்கையாகவா இருந்திருக்கும்?

நம் பக்கத்தில் பார்ஸி நாடகக் குழுக்கள் வந்தன. எழுதிய திரைச்சீலைகள், ஜிகினா உடைகள், இந்துஸ்தானி மெட்டுகள், ஆர்மோனியம். ஆர்மோனியமும் பாரிஸில் பிறந்ததுதான். கல்கத்தாவில் அதைக் கையால் துருத்தி போடுகிற பெட்டியாக்கி நம்மிடம் கொடுத்தார்கள். இந்தக் கலவையை எடுத்து, கூத்தின் பாட்டு மரபையும் வெண்பா, விருத்தம், கண்ணி, கீர்த்தனை எல்லாவற்றையும் அதில் ஊற்றி, ஒரு முழு நாடகமாக வடித்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’ என்று அவர் எழுதிக் குவித்தார். மதுரையில் 1918-இல் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் விளக்கு வெளிச்சத்தில் எழுதி முடித்தார் என்பது அந்தப் பிள்ளைகள் வழியாக நமக்கு வந்த செய்தி. 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். அவர் எழுதியவற்றில் பல இன்று கைக்குக் கிடைப்பதில்லை.

இங்கே கொஞ்சம் விலகிப் போக அனுமதியுங்கள். 1838-இல் கடலூருக்கு அருகே திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தேவதாசிகளும் அவர்களுடைய இசைக்காரர்களும் கப்பலேறிப் பாரிஸுக்குப் போனார்கள். திலகம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், வேய்துன் என்று அவர்களின் பெயர்கள் வெவ்வேறு விதமாகப் பதிவாகியிருக்கின்றன. அவர்கள் ஆடிய அரங்கம் தியேட்டர் தே வாரியேத்தே. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1864-இல், அதே அரங்கில்தான் ஓஃபன்பாக்கின் ‘அழகி ஹெலன்’ அரங்கேறியது. நம் பெண்களின் சதங்கை ஒலித்த பலகையின்மேல் ஓபரெட்டா நடந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். அதற்குப் பிறகு ‘பயதேர்’ என்ற சொல், கோயிலில் ஆடும் இந்தியப் பெண் என்ற பொருளில், ஐரோப்பிய மேடையை விட்டுப் போகவேயில்லை. எம்மெரிஹ் கால்மான் 1921-இல் ‘பயதேர்’ என்றே ஓர் ஓபரெட்டா செய்தார். பாரிஸில் தேவதாசி வேஷம் கட்டும் நடிகையிடம் லாகூர் இளவரசன் மனம் பறிகொடுப்பதுதான் கதை. அதில் இந்தியா எவ்வளவு இருக்கிறது என்று தேடாதீர்கள். ஆனால் அந்த வேஷத்துக்கு வேராக நின்றவர்களில் திருவந்திபுரத்துக்காரர்களும் உண்டு.

மீண்டும் நம் வழிக்கு வருவோம்.

1905 டிசம்பர் 30. ஃபிரான்ஸ் லேஹாரின் ‘களிப்புமிகு விதவை’ வந்தது. உலகமே அதைப் பாடியது. கார்ல் கிரவுஸ் என்ற கடுமையான விமர்சகருக்கு லேஹாரைக் கண்டாலே ஆகாது. ஓஃபன்பாக் உயர்வு, லேஹார் மலிவு என்று எழுதினார். நம் பக்கத்திலும் கற்றவர்கள் இசை நாடகத்தைக் கீழாகவே பார்த்தார்கள். ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உள்ளேயே விடவில்லை. அந்தப் பெட்டியோடு எத்தனை பாடகர்களின் வாழ்வும் வெளியே நின்றது என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா? எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் ‘வள்ளி திருமணம்’ போட்டால் ஊர் திரண்டு வந்தது. கிட்டப்பா 1933 டிசம்பரில், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அந்தக் குரலில் நமக்கு மிஞ்சியது சில இசைத்தட்டுகள் மட்டும்.

பிறகு படம் பேசத் தொடங்கியது. 1931 இரண்டு ஊருக்கும் திருப்பம். பெர்லினில் அந்த ஆண்டு ‘மாநாடு ஆடுகிறது’ என்ற பாட்டுப் படம் வந்தது. ஓபரெட்டாவின் ஆட்கள் ஊஃபா ஸ்டுடியோவுக்குப் போனார்கள். இங்கே அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வந்தது. நாடகக் கொட்டகையின் ஆட்கள் ஸ்டுடியோக்களுக்குப் போனார்கள். 1934-இல் எம்.கே.தியாகராஜ பாகவதர் படத்துக்கு வந்ததே ‘பவளக்கொடி’ வழியாகத்தான். மேடையில் பாடியதை அப்படியே கேமராவுக்கு முன்னால் பாடினார்கள்.

நம் மலையடிவாரத்து ஸ்டுடியோவில் இரு நாட்டுச் சினிமா ஆட்களும் சந்தித்துக்கொண்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மாடர்ன் தியேட்டர்ஸ் 1938-இல் எடுத்த ‘பாலன்’, மலையாளத்தின் முதல் பேசும் படம். அதற்கு ஒளிப்பதிவு செய்தவர் ஒரு ஜெர்மானியர். போடோ குஷ்வாக்கர் என்றும் வேறு விதங்களிலும் அவர் பெயரை அந்நாளில் எழுதினார்கள். 1940-இல் இதே ஸ்டுடியோவில் ‘உத்தம புத்திரன்’ தயாரானது, பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேஷம். சின்னப்பா, சிறுவர்களின் நாடகக் குழுவான பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். பாட்டு, சண்டை, சிலம்பம், வசனம் எல்லாம் ஒரே உடம்பில் குடியிருந்தன. அந்த வித்தை கொட்டகை கொடுத்தது. ஸ்டுடியோ அதை வாங்கிக்கொண்டது.

இதே ஸ்டுடியோவின் ‘மந்திரி குமாரி’ (1950) படத்தின் மலையுச்சிக் காட்சியை இந்த மலையில்தான் எடுத்தார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். ராஜகுருவின் மகன் தன் மனைவியைத் தள்ளிவிடுவதற்காக உச்சிக்கு அழைத்துப்போகிறான். இருவரும் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். கடைசியாக அவனை மூன்று சுற்று சுற்றி வணங்குவதாகச் சொல்லி அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். கதை குண்டலகேசியினுடையது, பாட்டு ஜி.ராமநாதனுடையது. ஆர்மோனியத்தோடு வளர்ந்த மனிதர் அவர். எனக்கு அந்தப் பாட்டு சினிமாப் பாட்டாகத் தோன்றுவதில்லை. அப்படியே இசை நாடகத்தின் ஒரு கட்டம். கொல்ல வந்தவனும் சாக வந்தவளும் ஒரே மெட்டில் கொஞ்சிக்கொண்டு போகிறார்களே, அதை வசன நாடகத்தில் காட்டவே முடியாது.

இப்போது துயரமான பகுதி.

1932 டிசம்பர் 23 அன்று பெர்லினின் பெரிய நாடக அரங்கில் பால் ஆபிரகாமின் ‘சவோய் நடன விருந்து’ அரங்கேறியது. வால்ட்ஸும் ஜாஸும் கலந்த இசை. 1933 ஜனவரி 20 அன்று யாரோமீர் வைன்பெர்கரின் ‘வசந்தப் புயல்கள்’. சரியாகப் பத்து நாளில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஓபரெட்டாவுக்கு இசை அமைத்தவர்களில், எழுதியவர்களில், பாடியவர்களில், கொட்டகை நடத்தியவர்களில் பெரும்பங்கினர் யூதர்கள். ஒரு தலைமுறையின் கலைஞர்களை ஒரே மூச்சில் துரத்தினார்கள். லேஹாரின் ‘புன்னகை தேசம்’ நாடகத்துக்குப் பாட்டு எழுதியவர்களில் ஒருவரான ஃபிரிட்ஸ் லோனர்-பேடாவை 1938-இல் பிடித்தார்கள். டாஹாவ், புஹன்வால்ட், கடைசியில் ஆஷ்விட்ஸ் என்று வதைமுகாம் வதைமுகாமாக அனுப்பினார்கள். 1942 டிசம்பரில் அங்கே கொல்லப்பட்டார். அவர் எழுதிய வரிகளை வானொலி ஒலிபரப்பிக்கொண்டே இருந்தது. எழுதியவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஓபரெட்டாவுக்கு எழுதிய இன்னொருவரான ஃபிரிட்ஸ் குரூன்பாமும் 1941-இல் டாஹாவில் இறந்தார். பால் ஆபிரகாம் ஓடி ஓடி, கியூபா வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1946-இல் மன்ஹாட்டன் தெரு நடுவே நின்று, இல்லாத ஓர் இசைக்குழுவுக்குக் கையசைத்து நடத்திக்கொண்டிருந்தவரைப் பிடித்து மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போருக்குப் பிறகு ஓபரெட்டா திரும்பி வந்தது. ஆனால் எப்படி? ஜாஸைக் கழற்றிவிட்டார்கள். கேலியை, காமத்தை, அரசியலைக் கழற்றிவிட்டார்கள். வயலின்களைக் கூட்டி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்துத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பாட்டிமார்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்று இளைஞர்கள் ஒதுக்கினார்கள். ஆட்களைக் கொன்றது ஒரு சாவு. மிஞ்சியதை இப்படி மழுக்கியது இன்னொரு சாவு.

அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் பாரி காஸ்கி. ஆஸ்திரேலியாவில் பிறந்த யூதர். 2012-இல் பெர்லினின் கோமிஷே ஓபரா அரங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 2013-இல் ‘சவோய் நடன விருந்து’ நாடகத்தை மேடையேற்றினார். டாக்மார் மான்சல் என்ற நாடக நடிகையை முன்னிறுத்தினார். மணி மணியான ஓபராக் குரல் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சொல்லைச் சொல்லாகச் சொல்லத் தெரிந்த, ஆடத் தெரிந்த, சிரிக்கவைத்து உடனே அழவைக்கத் தெரிந்த நடிகை வேண்டும் என்றார். கழற்றிய ஜாஸைத் திரும்ப மாட்டினார்கள். கூடம் நிறைந்தது.

‘வசந்தப் புயல்கள்’ கதை இன்னும் பெரிது. அதன் முழு இசைக்குறிப்பு தொலைந்துபோயிருந்தது. கையில் இருந்தவை ஒரு பியானோச் சுருக்கமும் சில பழைய ஒலிப்பதிவுகளும்தான். நோர்பர்ட் பீர்மன் என்பவர் அவற்றைக் கேட்டுக் கேட்டு, எந்த வாத்தியம் எங்கே வந்திருக்கும் என்று ஊகித்து முழுக்குழுவுக்கும் திரும்ப எழுதினார். 2020 ஜனவரியில், எண்பத்தேழு ஆண்டுகள் கழித்து, அது மீண்டும் மேடை ஏறியது. அதன் ஒளிப்பதிவைப் பார்த்த இரவில் எனக்கு வந்த முதல் நினைவு, சங்கரதாஸ் சுவாமிகளின் கைக்குக் கிடைக்காத நாடகங்களைப் பற்றியது. வியன்னாவின் ஃபோல்க்ஸ்ஓபரா ஒரு படி மேலே போனது. 1938-இல் தன் அரங்கத்தில் ஒத்திகையில் இருந்த ஓபரெட்டாவை எடுத்து, அந்த ஒத்திகைக்கு நடுவே தன் யூதக் கலைஞர்களைத் தானே எப்படி வெளியேற்றியது என்பதையே 2023 டிசம்பரில் நாடகமாக்கி, தன் மேடையிலேயே போட்டது. தன் பிழையைத் தன் மேடையில் சொல்வது சாதாரணக் காரியமா?

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். பெர்லினில் தொலைந்ததைத் தேடி எடுத்தார்கள். நம் இசை நாடகம் தொலையவில்லை. சேலம், தருமபுரிப் பக்கத்தில் விடிய விடியத் தெருக்கூத்து. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், திண்டுக்கல் பக்கம் திருவிழாக் காலம் வந்தால் ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ இந்த ஆண்டும் எங்கோ ஒரு ஊரில் அம்மன் கோயில் திடலில் நடந்திருக்கும். ‘காவியத் தலைவன்’ (2014) படத்தில் வசந்தபாலன் காட்டிய அந்த உலகத்தை முடிந்துபோனதாக நினைத்து நாம் திரையரங்கில் கண்கலங்கினோம். முடியவில்லை, நண்பர்களே. வேலனாக வருபவர் ஓர் ஊர், வள்ளியாக வருபவர் இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது. பெரும்பாலும் மேடையில்தான் முதல் வசனத்தைப் பேசிக்கொள்கிறார்கள். இதை ஐரோப்பியக் கலைஞரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

சிறுவனாக நான் என் மாமன் ஊரில் பார்த்த இரவு அப்படியே இருக்கிறது. மணி பத்து. மேடையின் ஒரு பக்கம் ஆர்மோனியமும் மிருதங்கமும், எதிர்ப்பக்கம் ஆல்ரவுண்டு என்ற பலவகைத் தாளக் கருவிகள். பபூன் வந்து ஊர்ப் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்தார். டான்ஸ் பெண் வந்து அவருக்கு ஈடுகொடுத்தார். நடுச்சாமத்துக்குப் பிறகு வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம். ஒருவர் பாட்டில் கேட்க, மற்றவர் பாட்டில் மடக்க, கொட்டகை முழுக்கத் தூக்கம் கலைந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. என் பாட்டி என்னைத் தட்டி எழுப்பி, “இப்பப் பாருடா, இதுக்குத்தான் வந்தோம்” என்றார். விடிகிற நேரத்தில் வள்ளிக்குத் தாலி ஏறியபோது பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். மேடையில் நின்ற பெண்ணுக்கு அந்த நேரத்தில் அவ்வளவு மரியாதை. மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் அதே பெண்ணை இரண்டு பேர் வாய்க்கு வந்தபடி பேசியதையும் கேட்டேன். அதை என்னால் மறக்க முடியவில்லை.

பெர்லின் மீட்பில் நான் பார்க்கும் சாரம் இங்கேதான் வருகிறது. காஸ்கி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ‘கீழான கலை’ என்று ஒதுக்கியவற்றை, அதாவது கலவையை, கேலியை, ஆட்டத்தை, அப்படியே ஏற்றுக்கொண்டார். அரசு மானியம் பெறும் பெரிய அரங்கத்தின் பணத்தை, பயிற்சியை, விளக்கை, இசைக்குழுவை அதற்குக் கொடுத்தார். இசை நாடகத்தை நாம் எடுத்தால் என்ன செய்கிறோம்? ஒன்றரை மணி நேரமாக வெட்டுகிறோம். பபூனை எடுத்துவிடுகிறோம். சபாவில் போடக் கூச்சப்பட்டுத் தர்க்கத்தைச் சுருக்குகிறோம். ஐம்பதுகளின் ஜெர்மன் தொலைக்காட்சி செய்ததைத்தான் நாமும் செய்கிறோம். வெட்டாமல் போட வேண்டும். பின்பாட்டுக்காரர்கள் நினைவில் வைத்திருக்கும் மெட்டுகளை, அவர்கள் இருக்கும்போதே, முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். பீர்மனுக்கு ஒரு பியானோச் சுருக்கமாவது கிடைத்தது. நம் மெட்டுகள் பலவற்றுக்கு மனிதர்களின் தொண்டைதான் ஏடு. அந்தக் கலைஞர்களுக்கு நியாயமான சம்பளமும், முதுமையில் ஓய்வூதியமும், பஸ் நிறுத்தத்தில் மரியாதையும் வேண்டும். மூன்றையும் ஒன்றாகவே கேட்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்துத்தான் இந்த மலை ஏறி வந்தேன். வள்ளி மலைமகள். தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் காவல் காத்தவள். தினையும் சாமையும் விளைந்த மலை இது. சேர்வராயனுக்கு விழா எடுக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் இங்கே இருக்கின்றன. மே மாதம் கோடை விழாவுக்கு ஊரே நிறைகிறது. அந்த நாட்களில் ஓர் இரவை, ஒரே ஒரு இரவை, ‘வள்ளி திருமணம்’ நாடகத்துக்கு ஒதுக்குங்கள். பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை. பபூனோடு, தர்க்கத்தோடு, ஒரு பாட்டும் குறைக்காமல். தெற்கிலிருந்து நடிகர்களை அழைத்து வருவோம். முன்பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். தங்க நல்ல இடம் பார்த்துவைப்போம். அடிவாரத்து ஊர்களின் கூத்துக்காரர்களையும் முன்வரிசையில் உட்காரவைப்போம். கிராமங்களுக்குத் திரும்பிப் போக விடிகாலையில் பஸ் வேண்டும் என்று இப்போதே கேட்டுவைக்க வேண்டும். இன்னொன்று: நள்ளிரவுக்கு மேல் ஏரிப் பக்கத்திலிருந்து பனி ஏறி வரும். ஈரம் பட்டால் ஆர்மோனியக் கட்டைகள் ஊறி இறுகிவிடும். பெட்டியைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேடையில் அதன் பக்கத்தில் ஒரு கணப்புச் சட்டி இருக்கட்டும்.